அப்பா சுருதி இறக்கிய ஞாயிறு

எங்கள் சபையில் பாட்டு நடத்தியது அப்பாதான். வாரம் முழுக்கத் தறியில் குனிந்து பட்டு நெய்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்பது பேருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பார். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் தறியில் உட்காருகிறார் என்று அம்மா கேலி செய்வாள்.

சபையாரோ லேசில் வாயைத் திறக்கிறவர்கள் இல்லை. முன்வரிசை உதட்டை அசைக்கும், பின்வரிசை அதையும் செய்யாது.

"வாயத் தொறந்து பாடுங்கமா. கர்த்தரு சுருதியா பாக்கிறாரு? மனசத்தான் பாக்கிறாரு" என்று அப்பா வாராவாரம் கெஞ்சுவார். கர்த்தர் பார்க்காத சுருதியை அப்பா பார்ப்பார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் ஐந்தாவது படித்த வருஷம் பெண்கள் பக்கத்திலிருந்து திடீரென்று ஒரு குரல் கிளம்பியது. பாட்டு ஒரு வழியில் போனால் அது வேறு வழியில் போகும், அதுவும் எல்லோரையும்விட உரக்க. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தறியில் ஓர் இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே நெய்வார். பாட்டிலும் அதையே செய்தார். நிறுத்துவார், முதல் அடியிலிருந்து தொடங்குவார், மறுபடி நிறுத்துவார். ஒரு வாரம் பிரசங்கத்துக்கு நேரமே மிஞ்சவில்லை. ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய போதகர் வருகிறார், அன்றைக்கும் இப்படி இழுத்தடித்தால் பாட்டை வாலாஜாபாத் கீபோர்டு அண்ணனிடம் கொடுத்துவிடுவேன் என்று எங்கள் போதகர் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"யாரோ ஒருத்தி கெடுத்துக்கினு இருக்கிறா. நீங்க வுடாதீங்க" என்றாள் அம்மா. பக்கத்தில் உட்காரும் டெய்லர் கடை அக்காமேல் அவளுக்குச் சந்தேகம். அந்த அக்காவை வழிக்குக் கொண்டுவரத்தான் தான் கொஞ்சம் உரக்கப் பாடுவதாகவும் சொன்னாள். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவள். பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, அப்பா கெஞ்சுவதைப் பார்க்கச் சகிக்காமல் அந்த வருஷம்தான் பாடத் தொடங்கியிருந்தாள்.

ஆண்டு விழா அன்று அந்தக் குரல் முதல் பாட்டிலேயே கிளம்பியது. அப்பா பாடிக்கொண்டே பெண்களின் பாய்களுக்கு நடுவே வந்துவிட்டார். அவர் நெருங்க நெருங்க ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். டெய்லர் கடை அக்காவும் மூடிக்கொண்டார். அம்மா மட்டும் கண்ணை மூடியபடி, கன்னத்தில் கண்ணீர் வழியப் பாடிக்கொண்டிருந்தாள். அதே குரல்.

பாட்டு நின்றது. பெரிய போதகர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அம்மா கண்ணைத் திறந்து, "கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

அப்பா அவள் கன்னத்து ஈரத்தைப் பார்த்தார். "நாந்தாம்மா. சுருதிய ஏத்தி வெச்சிட்டேன்" என்றார்.

முன்னால் போய் அதே பாட்டை அடிக்குரலில் எடுத்தார். ஆண்கள் பக்கம் உறுமியது. விழாவுக்கு வாசிக்க வந்திருந்த கீபோர்டு அண்ணன் எந்தக் கட்டை என்று தேடிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். துதிப் பாட்டு துக்க வீட்டுப் பாட்டானது. அம்மாவின் குரல் மட்டும் அதில் ஓரளவு பொருந்தியது.

என்ன ஆயிற்று என்று போதகர் கேட்டதற்கு, தொண்டை கட்டிக்கொண்டது என்றார் அப்பா. அடுத்த வாரம் பாட்டு கீபோர்டு அண்ணனிடம் போனது. அப்பா ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. தொண்டை சரியானால் இடம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பித் தினமும் உப்புப் போட்டு வெந்நீர் காய்ச்சிக் கொடுத்தேன். தறியில் உட்கார்ந்து உச்சக்குரலில் பாடிக்கொண்டிருக்கும் அப்பா, பாட்டை நிறுத்தி, வாங்கிக் கொப்பளித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பாடுவார்.

"இன்னும் சரியாவலியாப்பா?" என்று கேட்பேன்.

உள்ளே பாடிக்கொண்டே சமைக்கும் அம்மா பக்கம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் ஆவும்மா" என்பார்.

மறுநாள் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிப் போட்டேன்.