தனியாக ஒரு புள்ளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தத் துர்கா பூஜை விடுமுறையில், கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா அறையில் நான் போட்ட சத்தத்துக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. என் அறைத்தோழியோடு டிஸ்கிரீட் மேத்ஸ் என்ற கணக்குப் பாடம் பற்றி ஒரு பொழுது சண்டை போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நான் திருநெல்வேலிப் பக்கம், அவள் ஈரோட்டுப் பக்கம். எம்.சி.ஏ. படிக்க வந்த இடத்தில் இருவருக்கும் ஒரே மாடி அறை வாய்த்தது. கீழே வீட்டுக்கார அம்மா. தெருவே அவரைக் காக்கிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடும். நான் வந்த வேகத்தில் தப்பும் தவறுமாக வங்காளம் பேசி மீன்காரரிடம் பேரமே பேச ஆரம்பித்துவிட்டேன். அவளுக்கு வங்காளமும் வராது, இந்தியும் வராது. தப்பாகப் பேசிச் சிரிப்பு வாங்குவதைவிடச் சிவனே என்று இருப்பது மேல் என்று இருந்துவிட்டாள். பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். தப்பு செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

அவளுக்குத்தான் இடைத்தேர்வில் டிஸ்கிரீட் மேத்ஸ் ஊற்றிக்கொண்டது. 'நிரூபி, அல்லது தவறென்று காட்டு' என்பது கேள்வி. நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் 'நிரூபி' என்றால் அது உண்மையாகத்தான் இருக்கும். எப்படியாவது கடைசி வரிக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் அவள் கண் 'அல்லது'வைத் தாண்டவேயில்லை. பொய்யான ஒன்றை அழகாக நிரூபித்து, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தாள். பேராசிரியை அதன் கீழே மூன்று புள்ளிகள் வரைந்திருந்தார். இரண்டைக் கோடு சேர்த்தது, மூன்றாவது சும்மா நின்றது. மதிப்பெண் சுழி. மற்றக் கேள்விகளிலும் இதே கதை.

விடுமுறை முடிந்ததும் மறுதேர்வு. எழுதி அவமானப்படுவதைவிட ஊருக்கே போய்விடுகிறேன் என்று பையைப் பாதி அடுக்கிக் கட்டிலில் வைத்துவிட்டாள். வெறும் பேச்சில்லை, வீட்டுக்குப் போன் செய்வதைக்கூட நிறுத்தியிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத அந்த அறையில் என்னால் இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

கேள்வி இதுதான். ஒரு கூட்டத்தில் இரண்டு விதிகள். நான் உன்னோடு சேர்ந்தவள் என்றால் நீயும் என்னோடு சேர்ந்தவள். நான் உன்னோடும், நீ அவளோடும் சேர்ந்தால் நானும் அவளோடு சேர்ந்தவள். அப்படியானால் ஒவ்வொருவரும் தன்னோடு தான் சேர்ந்தவரா? ஆமாம் என்பது என் தோழியின் கட்சி. நான் உன்னிடம் வந்தேன், நீ என்னிடம் திரும்பினாய், ஆக நான் என்னிடமே வந்துவிட்டேன், முடிந்தது கதை. அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஓட்டை எங்கே என்று அவளுக்கு உறைக்கும்படி சொல்லத் தெரியவில்லை. விதி எதையும் மீறாமல், தன்னோடுகூடச் சேராமல் நிற்கும் அந்த மூன்றாவது புள்ளியைக் காட்டினால், அது யாரோடும் சேராதபோது அதை எதற்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தசமியன்று அம்மன் சிலையை ஆற்றில் கரைத்த பிறகு அந்தத் தெருவில் வீடு வீடாகப் போவார்கள். பெரியவர் காலைத் தொட வேண்டும், ஒத்த வயதென்றால் கட்டிக்கொள்ள வேண்டும், வாயில் இனிப்பு விழாமல் யாரும் வாசல் தாண்ட முடியாது. நாம் போன வீட்டார் கட்டாயம் நம் வீட்டுக்கு வருவார்கள். போதாததற்கு, அவர்களுக்குத் தெரிந்த வீட்டுக்கும் நம்மை இழுத்துப் போவார்கள். நான் ஒரு சுற்றுப் போய்விட்டுக் கை நிறையத் தேங்காய் உருண்டையோடு மாடியேறினேன். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்த விடைத்தாள். அழுதிருந்தாள்.

"'நான் சேர்ந்திருக்கற ஒரு ஆளை எடுத்துக்கோ'ன்னுதான் என் ப்ரூஃப் ஆரம்பிக்குது," என்றாள். "எடுத்துக்கறதுக்கு ஆளே இல்லைன்னா?"

தாளில் அந்த மூன்றாவது புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"என்னையே பாரேன். நான் யார் வீட்டுக்கும் போகல, யாரும் எனக்குன்னு வரல. அந்த மூணாவது புள்ளி நான்தான்டி."

நாள்கணக்காக நான் தொண்டை கிழியச் சொன்னதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"எந்திரிட்டி," என்றேன். "உன் ப்ரூஃப்ல மத்ததெல்லாம் சரிதான். ஒரே ஒரு ஆள்தான் கொறையுது. ஒருத்தர் கெடச்சாப் போதும்."

முகம்கூடக் கழுவவிடாமல் இழுத்துக்கொண்டு போனேன். காக்கிமாவின் வாசலில் அவள் உறைந்து நின்றாள். "எஷோ மா, எஷோ," வா அம்மா வா என்று அவர் கூப்பிட்டார். அவள் குனிந்து காலைத் தொட்டாள். நிமிர்வதற்குள் அவர் அணைத்துக்கொண்டு வாயில் உருண்டையைத் திணித்துவிட்டார். வாய் நிறைய இனிப்போடு எந்த மொழியில்தான் தப்பாகப் பேச முடியும்?

போனால் வருவார்கள் என்றேனே. மறுநாள் காலை, முழங்கால் வலியால் மாடிப்பக்கமே வராத காக்கிமா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்துவிட்டார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே அவள் கட்டிலுக்குப் போனார். உட்கார இடமில்லாமல் அந்தப் பை கிடந்தது. அவள் அவசரமாக அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவர் வங்காளத்திலும் இவள் தமிழிலுமாக வெகுநேரம் பேசினார்கள். பை அப்புறம் வெளியே வரவேயில்லை.

மறுதேர்வு எழுதிவிட்டு வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். ஏறக்குறைய அதே கேள்விதான் வந்ததாம். மூன்று புள்ளி வைத்து, இரண்டை மட்டும் சேர்த்தாளாம்.

"அந்த மூணாவதத் தனியா விட்டுட்டு வர மனசே வரலடி," என்றாள். "ஒரு கோடு போட்டுடலாம்னு கை பரபரன்னுச்சு. போட்டா விடை தப்பாயிருமே."

போடாமல்தான் வந்திருக்கிறாள். பாஸாகிவிட்டாள். ஆனால் தேர்வு எழுதிய அன்று ராத்திரியே என் ரஃப் நோட்டில் மறுபடி அந்த மூன்று புள்ளிகளை வைத்து, மூன்றாவதற்கும் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.