இரவல் திருப்புளி

முத்தேயு எதையெல்லாம் வென்றாள் என்று கேட்டால், அக்காள் சியோம்புவா விரல் மடக்கிச் சொல்வாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காத நிலையிலும் எட்டாம் வகுப்புத் தேர்வில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தாள். ‘இந்தக் கையை வைத்துக்கொண்டு கடலை விற்கப் போ’ என்று சொன்ன ஆசிரியரின் வகுப்பிலேயே இரண்டு வருடம் உட்கார்ந்து, தொழிற்பள்ளிச் சான்றிதழோடு வெளியே வந்தாள். கென்யாவின் மச்சாக்கோஸ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பதினோரு ஆண்கள் மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் சந்தில் பன்னிரண்டாவது மேசையைப் போட்டாள். கோழி அடைகாத்த ஒரு பழைய கணினியைக் கழுவி, துருவைச் சுரண்டி, அதன் திரையில் எழுத்தை வரவழைத்தாள். இதுவரை சொல்லி நான்கு விரல்களை மடக்கிவிட்டு, ஐந்தாவது விரலைச் சியோம்புவா சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். அது சியோம்புவாவின் சொந்தப் பயத்துக்கு உரிய விரல்.

அந்தப் பயத்துக்கு வயது இருபத்திரண்டு. அப்போது சியோம்புவாவுக்கு ஒன்பது, முத்தேயுவுக்கு நான்கு. அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவரைச் செடியில் வாய் வைத்த ஆட்டை விரட்ட சியோம்புவா வெளியே ஓடினாள். விரட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பானை தங்கையின் இடது கைமேல் கவிழ்ந்திருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அன்றிலிருந்து தங்கை எதன்மேல் குனிந்தாலும் சியோம்புவா கைவேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

வளர்ந்து தையற்காரி ஆன பிறகு, அந்தச் சந்தின் எதிர்வரிசையிலேயே கடை பிடித்தாள். தையல் இயந்திரத்தைச் சாய்வாகப் போட்டிருந்தாள். காரணம் கேட்டவர்களிடம் வெளிச்சத்துக்காக என்றாள். அங்கிருந்து பார்த்தால் தங்கையின் மேசை தெரியும்.

சந்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தொலைக்காட்சி, கணினி என எந்தப் பெட்டியைப் பழுது நீக்கி மூடும்போதும், மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பின்னால் அதைத் திறப்பவன் யாரைத் தேடிப் போவது என்று தெரிந்துகொள்வான். ஆனால் இரவல் கருவியால் வேலை செய்தால், கருவிக்காரனின் பெயர்தான் உள்ளே ஏறும். முத்தேயுவிடம் சொந்தமாக ஈயம் பற்றவைக்கும் ஒரு சூட்டுக்கோலும் ஒரு குறடும் மட்டுமே இருந்தன. மற்றதெல்லாம் பக்கத்து மேசை முயிண்டியிடம் வாங்குவாள். மூன்று வருடத்தில் அவள் உயிர் கொடுத்த பதினான்கு பெட்டிகளுக்குள்ளும் முயிண்டியின் பெயர்தான் இருந்தது.

“உன்னாலதான்டி எனக்கு ஊரெல்லாம் பேரு,” என்பான் முயிண்டி. “நேத்து ஒருத்தன் வந்து கையைப் பிடிச்சு நன்றி சொல்றான். எதுக்குன்னே தெரியல. நானும் ‘பரவால்லண்ணே’ன்னு வாங்கிக்கிட்டேன்.”

“நன்றியை மட்டும் வாங்கிக்க. திட்டுறவன் வந்தா என்கிட்ட அனுப்பு,” என்பாள் முத்தேயு.

அந்த ஆகஸ்டில், ஓய்வு பெற்ற வாத்தியார் கிசிலு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரையும் கணினியும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் முப்பத்தைந்து வருடப் பழைய இயந்திரம். பள்ளியில் முதன்முதலாக வந்த கணினி அதுதான் என்றார். ஊர் நூலகத்தில் நடக்கும் கண்காட்சியில் அதன் திரை ஒளிர வேண்டும் என்றார். கைப்பிடிக்குள், ஒரு சாண் ஆழத்தில், நட்சத்திரத் தலை கொண்ட இரண்டு திருகுகள் இருந்தன. சந்தில் யாரிடமும் அவ்வளவு நீளமான திருப்புளி இல்லை.

“இதை மட்டும் என் கருவியாலதான் திறப்பேன். நைரோபி போயிட்டு வரலாம், வர்றியாக்கா?” என்றாள் முத்தேயு.

கருவி பார்க்கத் தெரியாதென்றாலும் சியோம்புவாவுக்குக் கத்தரிக்கோல் பார்க்கத் தெரியும். நைரோபிக் கடையில் அவள் அதே கண்ணோடு உட்கார்ந்தாள். வெட்டுக்குறடுகளை ஒவ்வொன்றாக மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வாய்க்கு நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தவற்றை ஒதுக்கினாள். கீல் ஆடுகிறதா என்று காதருகே வைத்து அசைத்துக் கேட்டாள். ஒரு காகிதத்தை நறுக்கி, அறுந்த ஓரத்தை விரலால் தடவினாள். திருப்புளிகளின் முனையை, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய திருகில் வைத்து, கையை எடுத்துவிட்டு, சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தாள்.

கடைக்காரன் சிரித்தான். “என்னம்மா, மாப்பிள்ளையா பாக்குறீங்க?”

“மாப்பிள்ளை சரியில்லன்னா திருப்பி அனுப்பிடலாம். இது சரியில்லன்னா திருகுத் தலை போயிடும்,” என்றாள் சியோம்புவா. மின்வேலைக்கான சிவப்புப் பிடித் திருப்புளி ஒன்றைக் கையில் எடுத்தாள். ஆயிரம் வோல்ட் தாங்கும் என்று அதில் அச்சடித்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். எழுத்து உதிர்ந்து நகத்தோடு வந்தது.

“வோல்ட் என் நகத்துக்கே தாங்கலியே, தம்பி!”

அவன் முகம் சிறுத்தது. உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தான். அதில் இருந்தவற்றில் எழுத்து பிடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. விரல் நழுவாமலிருக்க முன்பக்கம் தடித்த விளிம்பும் இருந்தது. சியோம்புவா ஒன்றை எடுத்தாள். முத்தேயு அவள் கையைப் பிடித்தாள்.

“அது வேணாம்க்கா. நீள நட்சத்திரமும் வெட்டுக்குறடும் ஈயம் உறிஞ்சியும் போதும், காசு அதுக்குத்தான் இருக்கு. படக்குழாய்க்கு முயிண்டிகிட்ட ஒண்ணு இருக்கு.”

“படக்குழாய்க்கு எதுக்குத் திருப்புளி?”

முத்தேயு சாதாரணமாகச் சொன்னாள். திரைக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடிக் குழாய், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பல ஆயிரம் வோல்ட்டைத் தனக்குள் வைத்திருக்கும். சில நேரம் நாள் கணக்கில். அதை முதலில் பூமிக்கு வடித்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க முடியும். ஒரு திருப்புளியின் கம்பியில் ஒயர் மாட்டி, மறுமுனையிலுள்ள கவ்வியைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டி, குழாயின் ரப்பர்த் தொப்பிக்குக் கீழே முனையை நுழைக்க வேண்டும். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

சியோம்புவா எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டாள். மத்தாத்து என்னும் சிற்றுந்தில் ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த ‘டப்’ அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு முத்தேயு பெட்டியைத் திறந்தாள். நீள நட்சத்திரம் திருகுத் தலையில் சிக்கெனப் பொருந்தியது. இரண்டு சுற்றில் திருகு அசைந்தது. மூடி கழன்றதும் உள்ளே சாம்பல் நிறக் குழாய் தெரிந்தது. சியோம்புவா இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையைக் கையில் பிடித்தபடியே சந்தைக் கடந்து வந்தாள்.

முயிண்டி தன் திருப்புளியை நீட்டினான். அவனே செய்தது. மோட்டார் சைக்கிள் ஆரக்கம்பியைக் காய்ச்சித் தட்டி, மரப்பிடி செருகி, மேலே சைக்கிள் டியூபை நாலு சுற்றுச் சுற்றியிருந்தான். அந்த ஊரில் சைக்கிள் டியூப் இல்லாமல் எதுவும் நிற்காது. மூட்டை, நாற்காலிக் கால், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அதுதான் கட்டு. சந்தில் பதினோரு பேரும் படக்குழாய்க்கு இப்படித்தான் வைத்திருந்தார்கள்.

“ஆனா என் பேரைத்தான் போடணும், முதலாளியம்மா. பதினஞ்சாவது,” என்றான் முயிண்டி.

சியோம்புவா திருப்புளியை வாங்கிப் பார்த்தாள். “இது எப்பவாச்சும் கையைக் கடிச்சிருக்கா?”

“கவ்வி நல்லாப் பிடிச்சிருந்தா ஒண்ணும் ஆகாதுக்கா. நழுவினா லேசாக் கடிக்கும். நாய்க்குட்டி மாதிரி.”

“எத்தனை தடவை நழுவியிருக்கு?”

முயிண்டி தலையைச் சொறிந்தான். “ரெண்டு… மூணு. போன தடவை மட்டும் தோள் வரைக்கும் வந்துச்சு. சாயங்காலம் வரை கை தூக்க முடியல.”

“ரப்பர் சுத்தியிருக்கே, அப்புறம் எப்படி வந்துச்சு?”

தங்கையின் வலது கை ஏற்கெனவே திருப்புளிக்காக நீண்டிருந்தது. சியோம்புவா கொடுக்கவில்லை.

“அக்கா, குடு.”

“மாட்டேன். முதல்ல வேற எதுலயாச்சும் பாத்துக் காட்டு.”

“பயந்தாங்கொள்ளி! கவ்விதான் கரண்டை எடுத்துக்குமே!”

“கவ்வி நழுவினா? அன்னிக்கு ஆட்டை விரட்டிட்டு உடனே வந்துடலாம்னுதான் நானும் போனேன்.”

அந்த ஆட்டைப் பற்றி இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. முத்தேயு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

சோதித்துப் பார்க்கும் வழியை முத்தேயுவே சொன்னாள். முயிண்டியின் மேசையில் ஒரு பழைய தொலைக்காட்சி திறந்து கிடந்தது. திருப்புளியைக் காய்ந்த துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டினாள். கம்பியில் ஒயர் மாட்டவில்லை. பிடிமேல், விரல்கள் படும் இடத்தில், ரப்பருக்கு வெளியே ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி, அதன் மறுமுனையைத் தொலைக்காட்சியின் சட்டத்தில் முறுக்கினாள். ரப்பர் தாங்கினால் எதுவும் நடக்கக் கூடாது. முயிண்டி தொலைக்காட்சியைப் போட்டு, அணைத்து, செருகியைப் பிடுங்கினான். எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். முத்தேயு கட்டையின் கடைசி நுனியைப் பிடித்து, முனையைத் தொப்பிக்குள் செலுத்தினாள்.

சடார் என்று சாட்டை அடித்தது போல ஒரு சத்தம். ரப்பரின் மேல் நீலப் பொறி ஓடியது. தீய்ந்த டயர் வாடை சந்து முழுவதும் பரவியது. டியூபில் கடுகளவு ஓட்டை விழுந்திருந்தது.

முயிண்டி மெல்லத் தன் முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை விரித்துப் பார்த்தான். “ஆறு வருஷமாடி இதைப் பிடிச்சிருக்கேன்.”

“டியூப் கருப்பா இருக்கிறதே கரி சேர்க்கிறதாலதான்,” என்றாள் முத்தேயு. அவள் குரல் இறங்கியிருந்தது. “கரி வழியா கரண்டு போகும். படிச்சதுதான். எல்லாரும் வச்சிருக்காங்களேன்னு யோசிக்காம விட்டுட்டேன்.”

அன்று பெட்டி திறந்தபடியே கிடந்தது. மேலே துணியைப் போர்த்தி, யாரும் தொடாமலிருக்கச் சுற்றிலும் நாற்காலிகளை வைத்தாள் சியோம்புவா. மறுநாள் விடிந்ததும் முதல் வண்டியில் நைரோபிக்குத் தனியாகப் போனாள். அதே கடைக்காரன் அவளைப் பார்த்ததும் கேட்காமலேயே உள்பெட்டியைக் கொண்டுவந்தான். பிடி ஒரே வார்ப்பாக, விளிம்பு தடித்து, கம்பி நீண்டு, முனை தட்டையாக உள்ள ஒன்றைப் பன்னிரண்டிலிருந்து பொறுக்கினாள். திரும்பி வரும்போது மடியில் அது கனத்தது. ஆயிரம் என்றுதானே எழுதியிருக்கிறது, குழாயில் பல ஆயிரம் இருக்கிறதே என்ற நினைப்பு வழியில் ஓர் ஊரைக்கூடப் பார்க்க விடவில்லை.

பிற்பகலில், ‘இது உனக்குத்தான்’ என்று தங்கை கையில் அவள் கொடுத்த புதியதையும் அதே துடைப்பக் கட்டையில் கட்டினார்கள். மூன்று தடவை பார்த்தார்கள். மூன்று தடவையும் பொறி இல்லை. நான்காவது தடவையும் பார்க்கச் சொன்னாள் சியோம்புவா. பார்த்தார்கள். பழைய கவ்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒயரைச் சட்டத்தில் திருகி முடுக்கினாள் முத்தேயு. மறுமுனையைத் திருப்புளிக் கம்பியில் இறுக்கினாள்.

“ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கணும். நெஞ்சு வழியா கரண்டு போகக் கூடாது,” என்று அக்காவுக்கு விளக்கிவிட்டு, இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள். மடங்காத அந்த இரண்டு விரல்களும் சியோம்புவாவின் கண்ணுக்கு நேரே வந்து நின்றன. “எத்தனையோ வேலைக்கு இந்தக் கை ஆகாதுன்னாங்க. சும்மா இருக்கிற வேலைக்கு இதை மிஞ்ச ஆள் இல்ல.”

சியோம்புவா கண்ணை மூடத்தான் நினைத்தாள். மூடவில்லை. அந்தத் தடவை பார்க்காமல் இருந்தது போதும் என்று பற்களைக் கடித்துக்கொண்டாள். முனை தொப்பிக்குக் கீழே நுழைந்தது.

டப்.

சின்னச் சத்தம். தங்கை நின்றுகொண்டிருந்தாள். பத்து எண்ணிவிட்டு மறுபடி தொட்டாள். இந்தத் தடவை சத்தமே இல்லை. குழாய் வெறுமையாகியிருந்தது. சியோம்புவாவின் பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் தன் பயம் தேடி வாங்கிய திருப்புளியைத் தங்கை கையில் பிடித்து வேலை செய்வதை அன்று அவள் கண்டாள். ஐந்தாவது விரல் மடங்குவது இந்த இடத்தில்தான்.

மற்றதெல்லாம் பழகிய வேலை. வீங்கிய மின்தேக்கிகள் ஏழையும் உறிஞ்சியால் ஈயம் எடுத்துப் பிடுங்கி, புதியவற்றை வைத்து, கால்களை வெட்டுக்குறடால் ஒட்ட நறுக்கினாள். நான்கரை மணிக்குத் திரை வெளுத்து, எழுத்து வந்தது. வாத்தியார் கிசிலு தொப்பியைக் கழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்து, மூடப் போகும்போது முயிண்டி தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினான்.

“பென்சில் இரவல்தான். அது கணக்குல வராது,” என்றான்.

மூடியின் உள்பக்கத்தில், யாரோ 1991இல் எழுதிய பெயருக்குக் கீழே, முத்தேயு தன் பெயரை எழுதினாள். எழுத்து சற்றுக் கோணலாக இருந்தது. அதன் பக்கத்தில் தேதி: 14 ஆகஸ்ட் 2019, புதன்கிழமை.