அவ எம்புட்டு?

அந்தக் கார்ட்டூனில் வரும் அப்பனைக் கண்டாலே எனக்கு எரிச்சல். தொப்பையும் வழுக்கையுமாக நாள் முழுக்க சோபாவில் கிடப்பான். பக்கத்து வீட்டுக்காரன் என்ன வாங்கினான், அவன் பையன் எதில் ஜெயித்தான் என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அதைத் தமிழில் பேசவிட்டு, கேபிளில் ஒரே கதையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பப் போடுவார்கள். என் மகளின் ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானமும் அதே கதைதான் ஓடியது. முதல் தடவை நாங்கள் சேர்ந்து பார்த்தபோது அவள் ஆறாம் வகுப்பு. அன்றைக்குப் பாதிதான் பார்த்தோம்.

பாதியில் அணைத்தது நான். மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே டிவி ஓடினால் இங்கே வசனம் கேட்கும். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் அதே கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்க, திடீரென்று அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோனது. எனக்குத் திக்கென்றது. பிள்ளையைப் படிக்க உட்காரவைத்துவிட்டார்கள், நாம் மட்டும் கேனத்தனமாகப் பொம்மை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். மகள் அழுதாள். சாயங்காலம்தான் தெரிந்தது, அந்த வீட்டில் ஃப்யூஸ் போயிருந்ததாம்.

அந்த வீட்டு அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். தறி ஓடிய வீட்டில் பிறந்து ஜவுளிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். என்னிடம் பேசும்போது மதுரைத் தமிழ் சரளமாக வரும். மகளைத் திட்டுவது மட்டும் அவர்கள் பாஷையில். எனக்கு அதில் ஒரு சொல் விளங்காது. சுவரில் காதை வைத்தாலும் பிரயோசனமில்லை. வைத்துப் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்கள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவள் நான்தான். என் மகள் அதிலிருந்து ஒரு படி கீழே இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். பயமாக இருக்கிறது என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளையைப் பார், அந்தப் பிள்ளையைப் பார் என்றுதான் வாயில் வந்தது.

அக்கா மகளும் என் மகளும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். ஒருத்தி ஏ செக்‌ஷன், ஒருத்தி பி செக்‌ஷன். அக்கா அபாகஸில் சேர்த்தார், நான் இந்தியில் சேர்த்தேன். நான் கீபோர்டு கிளாஸ் என்றேன், மறுவாரம் அந்தப் பக்கமிருந்து வீணை கேட்டது. விடிகாலை ஐந்து மணிக்கு அங்கே லைட் எரிந்தால் இங்கே நாலே முக்காலுக்கு எரியும். பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருப்பாள். லைட் எரிய வேண்டும், அம்புட்டுத்தான்.

ஆனால் மார்க்கை மட்டும் ஒருத்தியை ஒருத்தி நேரில் கேட்க மாட்டோம். கறிவேப்பிலை கொடுத்து வாங்குவோம், வலைக்காரியிடம் சேர்ந்து நின்று மீன் விலை பேசுவோம், மார்க் என்ற பேச்சை எடுக்க மாட்டோம். கேட்டால் கெத்து என்னாவது? அதனால் மகளைத்தான் கேட்பேன். ஷூவைக் கழற்றக்கூட விட மாட்டேன்.

"அவ எம்புட்டு?"

நீ எம்புட்டு என்பது இரண்டாவது கேள்வி. மகளும் அலுக்காமல் சொல்வாள்: "என்னைய விட ரெண்டு கம்மிம்மா." என் வயிறு குளிர்ந்துவிடும். இவள் அறுபதுதான் வாங்கியிருப்பாள். அவள் ஐம்பத்தெட்டு என்றால் போதும், அன்றைக்கு வீட்டில் கேசரி.

இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கார்ட்டூன் பார்த்தேன். அன்றைக்குத்தான் மிச்சக் கதை தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மாறுவேட ஓட்டப்பந்தயம். அப்பன் தன் மகனுக்குக் கரடி வேஷம் போட்டு அனுப்புகிறான். பக்கத்து வீட்டுக்காரன் மகனுக்கு முயல் வேஷம். பிள்ளைகள் மறைவாகப் போய் வேஷத்தை மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு அப்பன்களும் தொண்டை கிழிய அடுத்தவன் பிள்ளைக்குக் கத்துகிறார்கள். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சிரிக்கவில்லை.

"நாங்களும் இதேதான் பண்ணோம்மா," என்றாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். பேப்பர் கொடுத்த அன்றைக்கெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு பேரும் மார்க்கைக் காட்டிக்கொள்வார்களாம். அப்புறம் அவரவர் வீட்டுக்குப் போய், மற்றவள் தன்னைவிட இரண்டு குறைவு என்று சொல்லிவிடுவார்களாம். அக்காவும் அவர்கள் பாஷையில் வாசலிலேயே இதைத்தான் கேட்பாராம். பத்தாம் வகுப்புப் பரீட்சையிலுமா என்று கேட்டேன். அதிலும்தான் என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏழு வருஷம் கேசரி கிண்டியவள் நான். பெற்றவளை இப்படிக் கேனச்சியாக்கி வைத்திருக்கிறீர்களே, நீங்கள் நல்லா இருப்பீங்களா என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆறாவதுல ஒரு தடவ உண்மையச் சொன்னேன். அவ தொண்ணூறு, நான் எழுவதுன்னு. நீ ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அதுக்கப்புறம் உன்கிட்ட எதையும் உள்ளபடி சொல்லத் தோணலம்மா."

எனக்கு அந்த இரண்டு நாள் ஞாபகமே இல்லை. அவளுக்கு இருக்கிறது. அதைவிட அந்த 'எதையும்' என்ற சொல்தான் என்னை உட்காரவைத்தது. மார்க் மட்டும் இல்லையென்றால், வேறு எதையெல்லாம்? இன்னும் இரண்டு மாசத்தில் ஏதோ ஓர் ஊர் ஹாஸ்டலுக்குப் போகப்போகிறவள். அங்கிருந்து போனில் 'நல்லா இருக்கேன்' என்று சொன்னால் நான் அதை எப்படி நம்புவேன்? காய்ச்சலில் கிடந்தாலும் அதையேதானே சொல்வாள்.

இனிமேல் சத்தியமாக அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன் என்றேன். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே, "பாப்போம்" என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு பிள்ளைகளும் ஒரே ஸ்கூட்டியில் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். நான் சமையல்கட்டில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வந்தவுடனே மார்க்கே கேட்கக் கூடாது. 'வா, சாப்பிடு' என்றுதான் சொல்ல வேண்டும். இட்லி கூடத் தயார். வா, சாப்பிடு. வா, சாப்பிடு. பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

வெளியே வந்தால் அக்காவும் அவர் கேட்டில் நிற்கிறார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். வெயில் இப்போதே இம்புட்டு அடிக்குதே என்று பேசிக்கொண்டோம்.

ஸ்கூட்டி வந்து நின்றது. இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கேட்டுக்குள் போனார்கள். என் மகள் கையில் நாலாக மடித்த காகிதம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அவளோடு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு வாயைத் திறந்தேன்.

"அவ எம்புட்டு?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்தினேன். பொத்தி என்ன செய்ய. மகள் செருப்பைக் கழற்றாமல் நின்று என் முகத்தையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தாலும் தேவலை.

"என்னைய விட ரெண்டு கம்மிம்மா," என்றாள்.

காகிதத்தை என்னிடம் தராமல் உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா அவர் பாஷையில் ஏதோ கேட்டார். அந்தப் பிள்ளை ஒரே வரியில் பதில் சொன்னது. அக்கா சந்தோஷமாகச் சிரித்தார். இத்தனையும் தெரிந்த பிறகும், மகள் சொன்ன அந்த ஒரு நொடி என் வயிறு குளிரத்தான் செய்தது.