தளும்பாத சொம்பு

எங்கள் சித்தப்பா வாங்கிய பிரெஞ்சுக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது. இதைச் சொன்னால் பழகிய டிரைவர்கள்கூடச் சிரிப்பார்கள். நான் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹாரன் எவ்வளவு கத்தலாம், நம்பர் பலகையில் எழுத்து எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதற்கெல்லாம் விதி சொல்வேன். ஒரு வண்டி யாருக்காக ஓடுகிறது என்று கேட்கும் விதியை மட்டும் நான் பார்த்ததில்லை.

சித்தப்பா பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு வியாபாரியிடம் வேலை பார்த்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் துரை கப்பலேறியபோது, யாரும் வாங்க முன்வராத தன் காரை இவருக்கு விற்றுவிட்டுப் போனார். சித்தப்பா அதை ஓட்டிவந்து அன்னவாசலில் எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினார். தவளை மூஞ்சி. எஞ்சினை அணைத்ததும் மெல்ல மெல்லத் தாழ்ந்து, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி படுத்துக்கொண்டது.

"என்னங்க, வண்டி படுத்துக்கிருச்சு? தீவனம் கீவனம் வைக்கணுமா?" என்று கேட்டார் எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர்.

"வேல இல்லாதப்ப படுத்துக்கிரும். ஒங்க கடைப் பையன் மாதிரிதான்" என்றார் சித்தப்பா.

மறுநாள் பூஜை. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டி நகரும், பழம் நசுங்கும் என்று ஊரே காத்திருந்தது. சித்தப்பா எஞ்சினைக் கிளப்பியும் வண்டி நகரவில்லை. இருந்த இடத்திலேயே முதலில் பின்பக்கத்தைத் தூக்கியது, பிறகு முன்பக்கத்தைத் தூக்கியது, நிமிர்ந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். அருள் வந்துவிட்டது என்று பூசாரி அதன் நெற்றியில் ஒரு கை திருநீற்றை அள்ளிப் பூசினார். அப்பாவுக்கு மட்டும் அருள் வரவில்லை, ஆத்திரம் வந்தது.

"அந்தக் காசுக்கு ரெண்டு ஜோடி மாடு வாங்கியிருக்கலாம். படுத்து எந்திரிக்கிறதுக்கு ஒரு வண்டியாடா?"

சித்தப்பா உள்ளறையைப் பார்த்தார். அங்கே சித்தி, காலுக்குத் தலையணை வைத்துப் படுத்திருந்தாள். சித்திக்கு வயிற்றுவலி என்று சின்னப் பையனான என்னிடம் சொல்லியிருந்தார்கள்; உண்மை பிற்பாடுதான் தெரிந்தது. முன்பு ஒருமுறை வில்வண்டியிலும் இன்னொருமுறை பஸ்ஸிலும் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனவள், இரண்டு முறையும் வழியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பியிருந்தாள். இது மூன்றாவது. ஏழாம் மாதம் திருச்சிக்கு வந்து தங்கிவிட வேண்டும், வரும்போது உடம்பு அலுங்கவே கூடாது என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தாராம். எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்கு அலுங்காமல் போக வேண்டுமென்றால் பறந்துதான் போக வேண்டும்.

ஒருநாள் காலையில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு முன் ஸீட்டில் உட்காரவைத்தார். பித்தளைச் சொம்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி என் மடியில் வைத்தார்.

"ஒரு சொட்டு சிந்தக்கூடாது. சிந்தினா எந்த எடம்னு சொல்லணும். விராலிமலையில மிட்டாய் வாங்கித் தாரேன்."

அன்று முதல் தினமும் எனக்கு அந்த உத்தியோகம். அந்த வண்டியை நான் இன்றும் வியக்கிறேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தேங்காய் அளவில் ஓர் இரும்புக் குண்டு. குண்டின் ஒரு பாதியில் காற்று மாதிரி ஒரு வாயு, மறுபாதியில் எண்ணெய், நடுவில் ரப்பர்த் திரை. சக்கரம் மேட்டில் ஏறினால் எண்ணெய் குண்டுக்குள் பாய்ந்து வாயுவை அமுக்கும், பள்ளத்தில் இறங்கினால் வாயு எண்ணெயைத் திருப்பித் தள்ளும். அடியெல்லாம் அதற்கு, உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பிற்பாடு நான் தகுதிச் சான்று கொடுத்த எத்தனையோ வண்டிகளில் மனிதர்களை இவ்வளவு மரியாதையாக நடத்திய வண்டி ஒன்றுகூட இல்லை.

நிறைசொம்போடு தினமும் விராலிமலைப் பக்கம் போனால் ஊர் சும்மா இருக்குமா? முருகனுக்கு வேண்டுதல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இலுப்பூரில் ஒரு அம்மா குறுக்கே வந்து வண்டியை நிறுத்தினாள்.

"சாமி, எம் மகளுக்கும் வயித்துல தங்க மாட்டேங்குது. ஒரு வாய் தீர்த்தம் குடுங்க."

கிணற்றுத் தண்ணீர் என்று சித்தப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "குடுடா தம்பி" என்றார். கொடுத்தேன். பிறகு வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்து, சொம்பை நிரப்பி, முதலிலிருந்து கிளம்பினார். பூசாரி வேலை பிடித்துப்போனதால் எனக்கு வருத்தமில்லை.

ஒருநாள் இலுப்பூர் தாண்டியுள்ள தரைப்பாலத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. என் கால்சட்டை நனைந்துவிட்டது. சித்தப்பா இறங்கிப் போய்ப் பாலத்து ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"தண்ணிதானே சித்தப்பா. போனாப் போகுது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

மறுநாள் இரண்டு ஆட்களோடு போய்ப் பாலத்துப் பள்ளத்தில் சரளை கொட்டி, தானே திமிசுக்கட்டை பிடித்து இடித்து இறுக்கினார். சர்க்கார் ரோட்டில் கை வைப்பதற்கு முன் மனு கொடுத்து, அதிகாரி பார்வையிட்டு, மதிப்பீடு போட்டு, உத்தரவு வாங்க வேண்டும். அந்த முறைப்படி போயிருந்தால் உத்தரவு வரும்போது நான் இன்ஸ்பெக்டராகியிருப்பேன்.

"சர்க்காருக்கே ரோடு போட்டுக் குடுக்குறாரப்பா நம்ம ஆளு" என்று மளிகைக்கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மாலையில் பார்த்தால் அவரும் அங்கே சரளைக் கூடை சுமந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு அந்தப் பாலத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் வழக்கம்போல நான் சொம்பை நிரப்பிக்கொண்டு காருக்கு வந்தேன். பின் ஸீட்டில் மெத்தை விரித்திருந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சித்தியைத் தாங்கி வந்து படுக்கவைத்தார்கள். என் இடத்தில் அம்மா ஏறிக்கொண்டாள். சித்தப்பா என் கையிலிருந்து சொம்பை வாங்கி, தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வெறும் சொம்பைத் திருப்பித் தந்தார்.

"இன்னைக்குத் தண்ணி வேணாம்டா தம்பி."

அன்றைக்குச் சிந்தியதற்கு எனக்கு இன்றைக்குத் தண்டனை. அப்படித்தான் நினைத்தேன். தெருவில் புரண்டு அழுதேன். வண்டி மெல்ல எழுந்து நின்றது. சித்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அப்பா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. வண்டியையா சாமியையா கும்பிட்டார் என்று தெரியவில்லை.

மாதங்கள் கழித்து அதே வண்டி திரும்பி வந்து வாசலில் படுத்தது. சித்தி இறங்கினாள். கையில் துணிச் சுருள், அதற்குள் என் தங்கை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நேராகச் சித்தப்பாவிடம் போனேன்.

"நாளைக்குச் சொம்பு வைக்கலாமா சித்தப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் என் தலையில் கை வைத்தார்.

"இனிமே வேணாம்டா. நீ சிந்தாமக் கொண்டுபோய்ச் சேத்துட்டே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை நாளும் என் மடியில் இருந்தது தண்ணீர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.