பேஸ்ட் போட்டுத் தேய்த்த பத்து எம்.எம்.

கொடைக்கானல் மலைப்பாதையில் டூரிஸ்ட் கார் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு முதுகு வலிக்கலாம், முழங்கால் பிடிக்கலாம், தைலம் தடவிக்கொண்டு ஓட்டிவிடலாம். கண் மட்டும் சரியாக இருக்க வேண்டும். பெருமாள்மலைப் பக்கம் மிஸ்ட் இறங்கினால் பானெட்டுக்கு அப்பால் உலகமே இருக்காது. ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைவு வளைவாக ஏற வேண்டும். பின்சீட்டில் இருப்பவர்கள் அதுகூடத் தெரியாமல் சிப்ஸ் தின்றுகொண்டிருப்பார்கள். கண் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

கண்ணைப் பற்றி எனக்குத் திமிரும் உண்டு. என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். நாற்பது வயதுக்கு முன்பே கண்ணாடி போட்டுவிட்டாள். அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாமல் எனக்குப் பொழுது போகாது. ஐம்பத்தாறு வயதிலும் நான் கண்ணாடி இல்லாமல்தான் இருந்தேன். பேப்பரை மட்டும் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பேன். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

டெலஸ்கோப் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு வாத்தியாரால். பல வருடம் என் காரில் வந்துபோனவர், ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பும்போது, "இத நீங்க வச்சுக்கங்க, எங்க ஊர்ல வானமே தெரியாது" என்று கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைக் குழாய், முன்னால் எழுபது எம்.எம். லென்ஸ், மூன்று கால் ஸ்டாண்ட். அட்டுவம்பட்டியில் எங்கள் மொட்டைமாடியில் அதை நிறுத்தினால், சாயங்காலம் மிஸ்ட் ஏறி வராத நாட்களில், இரவுச் சாப்பாட்டுக்குள் நிலாவை ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

இதில் புதிதாக இறங்குகிறவன் குழாயைப் பார்த்தே மயங்கிவிடுகிறான். குழாய் பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலை, கண் வைக்கிற இடத்தில் செருகும் கட்டைவிரல் அளவு சாமானிடம் இருக்கிறது. அதை ஐபீஸ் என்பார்கள். கழற்றி வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் எம்.எம். கணக்கில் ஓர் எண் போட்டிருக்கும். எண் சின்னதானால் உருவம் பெரிதாகும்; எண் பெரிதானால் உருவம் சின்னதாகும். இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்குப் பிடிபடவே கொஞ்ச நாள் ஆனது. எங்கள் குழாயோடு வந்தவை இருபத்தைந்தும் பத்தும். இருபத்தைந்தைப் போட்டால் நிலா முழுதாக, சுற்றிலும் கொஞ்சம் இருட்டோடு தெரியும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஒரே பார்வையில் அடங்கிவிடும். பத்தைப் போட்டால் நிலாவே கண்ணை அடைத்துக்கொள்ளும்; அதிலுள்ள பள்ளங்களின் ஓரத்து நிழல்கூடத் தெரியும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

எனக்குத் தெரிந்தது நடுவில் ஓர் அழுக்கு. டம்ளர் அடியில் காய்ந்துபோன பால் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு படலம். நிலாவை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது நடுவிலேயே நின்றது.

கண்ணாடிச் சாமானில் அழுக்கைப் பார்த்தால் கொடைக்கானல்காரனுக்கு வேறு யோசனையே வராது. பூசணம்தான். இங்கே அது தோல் பெல்ட்டில் பூக்கும், ஷூவில் பூக்கும், பீரோவுக்குள் வைத்த கல்யாணப் போட்டோவிலும் பூக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பார்கள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான தெரியுது. சுத்தமா இருக்குங்க."

"சோடாபுட்டிக்கு அப்பிடித்தான் தெரியும். தள்ளு."

மங்கிப்போன ஹெட்லைட் கவரை டிரைவர்கள் பல் தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் தேய்ப்போம். பளிச்சென்று ஆகிவிடும். அதே வைத்தியத்தைப் பத்து எம்.எம்.முக்கும் செய்தேன். அதன் அடிப்பக்க லென்ஸில் பேஸ்ட்டைத் தொட்டு, பனியன் துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்து, கழுவித் துடைத்து மாட்டினேன். அவள் மறுபடி பார்த்தாள்.

"இப்பத்தாங்க என்னமோ கோடு கோடாத் தெரியுது."

நான் பார்த்தேன். அதே படலம், அதே இடம். கோடாவது கீடாவது என்று அவளைக் கீழே அனுப்பிவிட்டேன்.

பத்து கெட்டுப்போனது என்று முடிவு செய்து புதிது வாங்கக் கிளம்பினேன். கோயம்புத்தூரில் இந்தச் சாமான்களை விற்கிற கடை ஒன்றை விசாரித்துப் போன் செய்தேன். கடைக்காரர் பொறுமைசாலி.

"சார், உங்க குழாய்க்கு ஆறுக்குக் கீழ போகாதீங்க. ஆறுலயே காத்து சரியில்லைன்னா கலங்கலாத்தான் இருக்கும். வீட்ல யாராவது கண்ணாடி போட்டிருக்காங்களா? பதினஞ்சுல ஒண்ணு இருக்கு. கண்ணாடியோடவே, கண்ணைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாக்கலாம். அது எடுத்துக்கங்க."

தள்ளி வைத்துப் பார்க்க நான் என்ன கிழவனா? ஆறுதான் வேண்டும் என்றேன். கூரியரில் வந்தது. இமை லென்ஸில் உரசுகிற அளவுக்கு நெருங்கினால்தான் அதில் எதுவும் தெரியும். நெருங்கினேன். பத்தில் சாம்பலாக இருந்த படலம் ஆறில் கறுத்து, அகலமாகி, நிலாவின் பாதியைத் தின்றிருந்தது. திருப்பி அனுப்பினேன். மாற்றி ஒன்று வந்தது. அதிலும் அப்படியே. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"பூசணம் புடிச்சதையெல்லாம் தேடிப்புடிச்சு மலைக்கு ஏத்திவிடுறீங்களா?"

"போட்டோ எடுத்து அனுப்புங்க சார். பாத்துட்டு மாத்தித் தர்றேன்."

அந்த மாதங்களில் எனக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. வத்தலக்குண்டிலிருந்து இருட்டில் ஏறும்போது எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் அப்படியே சிதறிப் பரவி, வளைவையே மறைத்தது. இப்போது எல்லோரும் மாட்டுகிற வெள்ளை எல்.ஈ.டி. பல்புகள்தான் காரணம் என்று டாக்சி ஸ்டாண்டில் தினமும் திட்டிக்கொண்டிருந்தேன். மற்ற டிரைவர்களும் ஆமாம் போட்டார்கள்.

கடைக்காரர் கேட்ட போட்டோவை அன்று சாயங்காலமே எடுத்தோம். அரை நிலா. நான் குழாயைப் பிடித்துக்கொள்ள, மனைவி போனை ஆறு எம்.எம்.முக்கு நேராக வைத்து எடுத்தாள். படத்தைப் பெரிதாக்கினேன். பள்ளம், அதன் ஓரம், ஓரத்து நிழல் எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தன. அழுக்கைக் காணவில்லை. இன்னும் நாலைந்து எடுக்கச் சொன்னேன். எல்லாமே சுத்தம்.

மறுபடி கண்ணை வைத்தேன். படலம் இருந்தது. ஐபீஸை அதன் இடத்திலேயே மெல்லத் திருகினேன். கண்ணாடியில் அழுக்கு இருந்தால் கூடவே சுற்ற வேண்டும். அது அசையவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்தேன். படலமும் என்னோடு சாய்ந்தது. அதுவரை நான் எப்போதும் வலது கண்ணை வைத்தே பார்த்திருந்தேன். முதல் தடவையாக இடது கண்ணை வைத்தேன். போட்டோவில் இருந்த அதே நிலா தெரிந்தது.

குழாயை விட்டு நிமிர்ந்தேன். பயமாக இருந்தது, அவ்வளவுதான். அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் செய்திருக்கலாம்; செய்யவில்லை.

"வலது கண்ணாங்க?"

"ம்."

"நாளைக்கு வெள்ளனே மதுரைக்குப் போயிருவோம். பஸ்ல."

பஸ்ஸில் என்று அவள் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் எனக்கு ஏர்போர்ட் டிரிப் இருந்தது. சாயங்கால விமானத்தில் வரும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இருட்டில் மலை ஏற வேண்டும். ஸ்டாண்டில் இருக்கும் ஒரு நண்பனைப் போனில் கூப்பிட்டு டிரிப்பை அவனுக்குக் கொடுத்தேன். என்னாச்சு என்று கேட்டான். வயிறு சரியில்லை என்றேன். கண் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "வலது கண்ணு லென்ஸ்ல, பின்பக்கமா புரை விழுந்திருக்கு. எடது கண்ணு நல்லா இருக்கிறதால ரெண்டுக்கும் சேத்து அதுவே பாத்துக்கிட்டு இருந்திருக்கு. ராத்திரி லைட்டெல்லாம் செதறுமே?"

"அது எல்.ஈ.டி.ன்னு நெனச்சேன் சார்."

"மலையில வண்டி ஓட்டுறீங்க. ஆபரேஷன் முடிஞ்சு நான் சொல்ற வரைக்கும் ஸ்டீரிங்கத் தொடாதீங்க. மறுபடி ஓட்டுறது கண்ணு எப்பிடித் தேறுதுங்கிறதப் பொறுத்துத்தான்."

அங்கேயும் லென்ஸ் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ். கவுண்ட்டரில் இருந்த பெண் விளக்கினாள்: ஒன்று தூரத்துக்கு மட்டும், படிக்கக் கண்ணாடி போட வேண்டும். இன்னொன்று தூரம், கிட்டம் இரண்டுக்கும். ஆனால் சிலருக்கு ராத்திரி விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். நான் மனைவியைப் பார்த்தேன். "நீ சொல்லு" என்றேன். வருடக்கணக்கில் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"தூரத்துக்கே வைங்க" என்றாள் அந்தப் பெண்ணிடம். "இவருக்கு ரோடு தெரிஞ்சாப் போதும். பேப்பருக்கு என் கண்ணாடி வீட்ல ஒண்ணு சும்மா கெடக்கு."

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருந்த நாட்களில் கோயம்புத்தூர் கடைக்காரரைக் கூப்பிட்டு, திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். எண் சின்னதாக ஆக ஆக வெளிச்சம் நூல் மாதிரி மெலிந்து கண்ணுக்குள் போகுமாம். வழியில் சின்னப் புரை இருந்தாலும் அந்த நூலை மறித்துப் பெரிய நிழலாகக் காட்டுமாம். இருபத்தைந்தில் வெளிச்சம் அகலமாக வருவதால் புரைக்குச் சுற்றிலும் புகுந்து போய்விடுமாம். அவர் முதலில் சொன்ன பதினைந்தை வாங்கினேன். மனைவி கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கிறாள். அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நான் மட்டும் மாடிக்குப் போகவில்லை. போனால் என்ன தெரியுமோ என்று பயம்.

கடைசிச் செக்கப்பில் டாக்டர் சுவரில் எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இனி வண்டி ஓட்டலாம் என்றார். எனக்கு அந்தச் சுவரின் மேல் நம்பிக்கை வரவில்லை. கார் சாவி ஆணியிலேயே தொங்கியது.

ஒரு நாள் சாயங்காலம் வெள்ளகவிப் பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறாமல் வானம் தெளிந்திருந்தது. நிலா பாதி. பழைய பத்து எம்.எம்.மை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். படலத்தை முதலில் காட்டியது அதுதான். போய்விட்டதா என்று அதுதான் சொல்ல வேண்டும். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணை வைத்தேன்.

படலம் இல்லை. ஆனால் நிலாவின் குறுக்கே மெல்லிய கோடுகள், வளைந்து வளைந்து. புதுக் கண்ணிலும் ஏதோ கோளாறு, இனி மலையும் இல்லை வண்டியும் இல்லை என்று தோன்றியது. பிறகு ஐபீஸைப் பிடித்து மெல்லத் திருகினேன்.

கோடுகளும் சேர்ந்து சுற்றின. இன்னும் திருகினேன். இன்னும் சுற்றின. தலையைச் சாய்த்தேன், கோடுகள் சாயவில்லை. ஒரு பொருளை நானே பாழாக்கியதற்காக என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்து நிலாவே மறைந்துபோனது.

"என்னங்க, தெரியுதா?" என்றாள் அவள், படியில் நின்றுகொண்டே.

"கோடு கோடாத் தெரியுது. பேஸ்ட்டு."

"அதத்தான அன்னைக்கே சொன்னேன்."

"ஆமா, சொன்ன" என்றேன். கீழே இறங்கிப் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.