சின்னான் மேடும் என் கொள்ளுத்தாத்தாவின் ஆறு சர்வே எண்களும்

முப்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த எங்கள் பூர்வீக நிலத்தைப் பெரியப்பா மகன் தொழிற்சாலைக்கு விற்றபோது, என் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாம மிராசுதார் வம்சம்டா" என்று சொல்லிச் சொல்லியே அப்பா வாடகை வீட்டில் இறந்தார். வழக்குப் போடலாம், ஆனால் நிலம் கொள்ளுத்தாத்தா பெயரில் இருந்ததற்குப் பழைய பதிவேட்டின் நகல் வேண்டும் என்றார் வக்கீல். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அதற்காகத்தான் கிளம்பினேன்.

கோயம்பேட்டில் காலை 6.40 பேருந்து, டிக்கெட் 45 ரூபாய். 8.05க்கு ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொள்கின்றன. அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கிடையாது.

தாலுகா அலுவலகம் திறக்கப் பத்து மணி ஆகும். அதற்குள் நிலத்தைப் பார்த்துவிடலாம் என்று ஆட்டோ பேசினேன். மண்ணூர் பக்கம் எட்டு கிலோமீட்டர், போக வர 380 ரூபாய்.

"இன்னா சார், மனை பாக்க வந்துகிறீங்களா?" என்றார் ஓட்டுநர். என் வயதுதான் இருக்கும்.

மிராசுதார் நிலம் எது என்று கேட்டேன்.

"மிராசா? நானு இங்கயே பொறந்தவன். அப்டி ஒரு ஆளக் கேள்விப்பட்டதே இல்ல."

தொழிற்சாலையின் பெயரைச் சொன்னேன்.

"சின்னான் மேடா? அப்டி கேளுங்க. எங்கம்மா அங்க வேர்க்கடல புடுங்கப் போயிருக்கு. இப்ப என் தம்பி அதே எடத்துல போல்ட்டு முறுக்கிகினு கீறான்."

"சின்னான் யாரு?"

"யாருக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பு பேரே அதான். உங்க மிராசுக்கு ஒரு ஸ்டாப்பு கூட வைக்கலயே சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீண்ட மதில், காவலாளி, மதிலுக்கு வெளியே நிழற்குடை. அதில் பெயிண்டில் அந்தப் பெயர். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். நானூறு கொடுத்து, மீதி இருபதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் 11.20க்குப் பழைய பதிவேடு வந்தது. ஓரம் உதிர்ந்த பக்கத்தில் ஆறு சர்வே எண்கள். ஆறிலும் கொள்ளுத்தாத்தா பெயர். அப்பா பொய் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். நகலுக்கு எழுதிக்கொடுக்கப் பேனாவைத் திறந்தேன்.

"கடைசிக் கட்டத்தையும் படிச்சுடுங்க சார்," என்றார் பதிவறை எழுத்தர் அம்மா. "பேரு இருக்குற கட்டத்தப் பாத்துட்டு எல்லாரும் ஓடிடுறாங்க. அப்புறம் கோர்ட்டுல போயி முழிக்கிறாங்க."

படித்தேன். ஆறில் நான்கு எண்களுக்கு நேரே நிபந்தனைப் பட்டா என்ற குறிப்பு. நிலமற்ற பட்டியல் சாதியினருக்கு அரசு கொடுத்த பஞ்சமி நிலம்; வேறு யாருக்கும் கைமாறக் கூடாதது. பெயர்க் கட்டத்துக்குத் திரும்பினேன். கொள்ளுத்தாத்தா பெயருக்கு அடியில், சிவப்பு மையால் அடிக்கப்பட்ட இன்னொரு பெயர் இருந்தது. சின்னான். நான்கிலும் அவர்தான். தொழிற்சாலை நிற்பதும் அந்த நான்கில்தான்.

"நகல் வேணுமா சார்?"

வாங்கிக்கொண்டேன். வக்கீலிடம் இன்னும் கொடுக்கவில்லை. என் பங்கை நிரூபிக்கும் அதே தாள்தான், அங்கே எனக்குப் பங்கே இல்லை என்றும் சொல்கிறது. வழக்குப் போடப்போவதில்லை. நிலத்தை விற்ற அந்தப் பெரியப்பா மகன் மீதுள்ள கோபம் இதனால் தணிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அப்பாவின் சாவுக்குக்கூட அவன் வரவில்லை. ஆனால் திருட்டு அவனிடம் தொடங்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். எண்பதுகளில் நிலப் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முந்தைய சர்வே எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை கூட்டம், தவிர்க்கவும். முன்னோர் பணக்காரர் என்றால், எப்படி ஆனார் என்று எழுதியிருக்கும் கட்டத்தையும் படிக்கும் தைரியத்தோடு போங்கள்.

இதைப் படித்தால் என் சொந்தக்காரர்களுக்கு ஆள் யாரென்று புரியும். புரியட்டும். கீழே என் பெயரை எழுதி அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயரை எழுதியது எங்கள் வீட்டு ஆள். இந்தப் பக்கத்தில் சின்னானின் பெயர் மட்டும் இருக்கட்டும்.