ஸ்டெல்லா அக்காவின் பன்னீர் ரோஜா

போன வாரம் சென்னீர்குப்பம் நெடுஞ்சாலையோர நர்சரியில் ஒரு பன்னீர் ரோஜாவைக் காட்டி விலை கேட்டேன். "முந்நூத்தம்பது" என்றார் கடைக்காரர். காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். "இன்னாமா, தொட்டியோட சேத்துத்தான் சொல்றேன்" என்றார். பக்கத்தில் அவரை விதை பாக்கெட். எண்ணிப் பத்து விதை, அறுபது ரூபாய். அவரைக்கொட்டைக்குக் காசா! கொடியில் முற்றிய காயை உரித்து மறுவருடம் ஊன்றியவள் நான்.

நான் அங்கே நின்ற காரணத்தைச் சொன்னால் திட்டுவீர்கள். மேனாம்பேட்டில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த ஸ்டெல்லா அக்கா போன வருடம் தவறிவிட்டார். அந்த வீட்டை விற்று வேறு ஊருக்குக் குடிபோய்விட்ட அவர் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மாவோட பன்னீர் ரோஜா உங்க வீட்ல இருக்குல்ல? ஒரு குச்சி வேணும். அம்மா கல்லறையில நடணும்."

"அதுக்கென்னம்மா, ஞாயித்துக்கிழமை வா" என்று சொல்லிவிட்டேன். செடி இருந்த இடத்தில் கார் நிறுத்த சிமெண்ட் போட்டது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அதே மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற திருட்டுப் புத்தியோடுதான் நர்சரிக்கு வந்திருந்தேன்.

அங்கே ஈர எருவின் வாசனை. எண்பதுகளில் நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெருவே இப்படித்தான் மணக்கும். செடியை விலைக்கு வாங்க யாருக்கும் தோன்றியதில்லை. ஒரு நாள் மதிலருகே நின்று ஸ்டெல்லா அக்காவிடம், "அக்கா, ரோஜாவுல ஒரு குச்சி குடுங்க" என்றேன். "அதெல்லாம் தரமாட்டேன்" என்றார், முகத்தில் அடித்த மாதிரி. உள்ளே போய் அழுதேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த மாதம் முழுக்க அக்கா தினமும் மதில்மேல் கத்தியை வைத்துவிட்டு, "அடுப்புல பால் கீது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போவார். இவ்வளவு ஞாபகமறதியா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அவரே பொறுக்கமாட்டாமல் வந்தார். "எத்தினி தபா கத்திய வெச்சிட்டு உள்ள போறது? கையில குடுத்தா செடி வராதுடி. திருடிகினு போவத் தெரியாதா உனுக்கு?"

பட்டப்பகலில், அக்காவின் கத்தியாலேயே, வாழ்க்கையின் முதல் திருட்டைச் செய்தேன். குச்சியின் நுனியில் சாணியை அப்பி நட்டேன். அது பூத்த பிறகு அடுப்பில் இல்லாத பாலைப் பார்க்க நானும் பலமுறை உள்ளே போயிருக்கிறேன். அப்படித் தெருவில் ஏழு வீட்டுக்குப் போனது அந்த ரோஜா.

நர்சரிக்கு வருமுன் அந்த ஏழு வீட்டுக் கதவையும் தட்டியிருந்தேன். மூன்று இப்போது ஃப்ளாட். மற்றவற்றில் வாசல் முழுக்க டைல்ஸ். ஒருவரிடமும் செடி இல்லை. எல்லோரும், "உங்க வீட்லதான் இருக்கும்னு நெனச்சோம்" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானும் அவர்களை நம்பித்தானே சிமெண்ட் போட்டேன்!

கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த பெண் தொட்டியைக் கையில் வாங்கி, இலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா செடிதானே ஆன்ட்டி?"

"ஆமாம்மா" என்றேன்.